லைட்ரூம் சந்தா: இந்த சீசனுக்கு வேண்டாம்

வாசகர் கடிதம்:

"ராஜபாளையம் பக்கம் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு முப்பது விசேஷம் வரும். 2016-ல் காசு கொடுத்து, படங்களைத் திருத்தும் அடோபியின் லைட்ரூம் 6 மென்பொருளை டிஸ்க்காக வாங்கினேன். இத்தனை நாளும் கேனான் 5டி மார்க் 3 கேமராவில் எடுத்து, லைட்ரூமில் கலர் போட்டு, ஆல்பம் டிசைனுக்கு மதுரையில் ஒருவரிடம் அனுப்பிவிடுவேன். போன மாதம் செகண்ட் ஹேண்டில் கேனான் ஆர்6 வாங்கினேன். அதன் ரா ஃபைலை (கேமரா பதியும் பதப்படுத்தாத மூலப் படம்) லைட்ரூம் திறக்க மாட்டேன் என்கிறது. சந்தா கட்டினால்தான் தீரும் என்கிறான் மச்சினன். காசு கட்டாமல் ஓட வைக்கும் திருட்டு நகலான 'கிராக்' போட்டுத் தருகிறேன் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். என் கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கிய ஐ5. 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. சாகிறவரை வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? கட்டலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். சந்தாவோடு 1 டெராபைட் கிளவுட் தருகிறார்களாமே, அதையே பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாமா?"

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வார்த்தைதான் வேண்டுமென்றால்: வேண்டாம். இரண்டு வார்த்தைக்கு இடம் கொடுத்தால்: இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் கண்ட முக்கியமான வரி சந்தாவைப் பற்றியதே இல்லை. "2014-ல் வாங்கிய ஐ5" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அதற்கு வருகிறேன். முதலில், மூட்டையாகக் கிடக்கும் ஆர்6 ஃபைல்களுக்கு ஒரு வழி செய்வோம்.

கேமராவிலோ கார்டிலோ கோளாறு இல்லை. லைட்ரூம் 6 வெளிவந்தது 2015 ஏப்ரலில். அதற்கு வந்த கடைசி அப்டேட் 6.14, அது 2017 டிசம்பர். புதிதாக வரும் ஒவ்வொரு கேமராவின் ரா ஃபைலையும் மென்பொருளுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். உங்கள் ஆர்6 பிறந்தது 2020-ல். அது எழுதும் சிஆர்3 என்ற ஃபைல் வகையே 2018-ல் எம்50 கேமராவோடுதான் வந்தது. 2017-ல் படிப்பை நிறுத்திவிட்ட மென்பொருளுக்கு அதை அடையாளம் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு அடோபியே இலவசமாக ஒரு வழி வைத்திருக்கிறது. 'அடோபி டிஎன்ஜி கன்வர்ட்டர்' என்று தேடி, அடோபியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். சந்தா கேட்காது. கார்டிலிருந்து ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரைக் காட்டினால் எல்லா சிஆர்3-ஐயும் டிஎன்ஜி என்ற அடோபியின் பொதுவான ரா வகையாக மாற்றிக் கொடுக்கும். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். அதன் செட்டிங்கில் 'கம்பாட்டிபிலிட்டி' என்ற இடத்தில் 'கேமரா ரா 7.1 மற்றும் அதற்குப் பின்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய வகையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பழைய லைட்ரூம் அதையும் திறக்காமல் போகலாம். அந்தக் கேமராவுக்கான வண்ண புரொஃபைலும் டிஎன்ஜி-க்குள்ளேயே வந்துவிடும். அதனால் நீங்கள் பழகிய 'அடோபி ஸ்டாண்டர்டு' வண்ணத்திலேயே வேலையைத் தொடங்கலாம். உங்கள் 5டி மார்க் 3-ஐ இரண்டாவது கேமராவாக உதவியாளர் கையில் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டின் தோல் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் அதிகம் முட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

இதில் தொந்தரவே இல்லையா? உண்டு. மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும். முகூர்த்தம் முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது ஓட விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இடமும் கூடுதலாகத் தேவைப்படும், ஏனென்றால் மூல சிஆர்3 ஃபைலை அழிக்கக் கூடாது. நாளைக்கே நீங்கள் சந்தா எடுத்தாலோ வேறு மென்பொருளுக்குப் போனாலோ கையில் மூலம் இருக்க வேண்டும். டிஎன்ஜி-யை வேலைக்கான நகலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, "சந்தா கட்டினால்தான் தீரும்" என்று மச்சினன் சொன்னது சரியில்லை. ஃபைலைத் திறப்பதற்காக நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. அப்படியானால் கேள்வி மாறுகிறது. திறப்பதற்குத் தேவையில்லாத சந்தா, வேறு எதற்காவது தேவையா?

2017-க்குப் பிறகு என்ன வந்திருக்கிறது என்று பார்ப்போம். விளம்பரத்தில் நூறு வசதி சொல்வார்கள். உங்கள் தொழிலுக்குப் பொருட்படுத்த வேண்டியவை இரண்டு மூன்றுதான்.

எல்லோரும் வாயைப் பிளக்கும் வசதி 'ஏஐ டீநாய்ஸ்'. 2023 ஏப்ரலில் வந்தது. இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்த புள்ளி புள்ளியான படத்தைச் சுத்தமாக்கிக் கொடுக்கும். நன்றாகவே செய்யும், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு அது எவ்வளவு தேவை? 5டி மார்க் 3-லிருந்து ஆர்6-க்கு வந்ததிலேயே இருட்டில் எடுக்கும் படம் ஒரு படி சுத்தமாகிவிட்டது. தவிர, உங்கள் படம் கடைசியில் போய்ச் சேருவது எங்கே? 12×36 அங்குல ஆல்பத்தின் ஒரு விரிப்பில் ஏழெட்டுப் படங்களில் ஒன்றாக. அந்த அளவில் அச்சாகும்போது நாய்ஸ் கண்ணுக்குத் தெரியாது. மானிட்டரில் 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிற நாம்தான் அதைக் கண்டு கவலைப்படுகிறோம். பெண்ணின் அம்மா பார்ப்பதில்லை. ஃப்ரேம் போடும் இரண்டு மூன்று பெரிய படத்துக்கு அது உதவும். அந்த இரண்டு மூன்று படத்துக்காக ஒரு சந்தா என்றால் கணக்கு இடிக்கிறது.

உண்மையில் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தக்கூடியது வேறு. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துவதை 'மாஸ்க்' என்பார்கள். 2021 அக்டோபரில் அந்த முறையையே முழுதாக மாற்றினார்கள். ஆளைத் தனியாக, வானத்தைத் தனியாக அதுவே தேர்ந்தெடுக்கும். அடுத்த ஆண்டு, ஒருவரின் முகத்தோல், கண், பல், உடை என்று பிரித்துத் தேர்ந்தெடுக்கவும் கற்றுக்கொண்டது.

ஒரு ரிசப்ஷனை நினைத்துப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் பளீரென்று எரிகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் அதே இடத்தில் நிற்கிறார்கள். உறவினர் ஒவ்வொரு குடும்பமாக வந்து கவர் கொடுத்து, நின்று, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். முந்நூறு படம். எல்லாவற்றிலும் பின்னணி வெளுத்து, முகம் இருட்டு. லைட்ரூம் 6-ல் உங்களிடம் இருப்பது பிரஷ், கிராஜுவேட்டட் ஃபில்டர், ரேடியல் ஃபில்டர். ஒரு படத்தில் முகங்களுக்குப் பிரஷ் போட்டு வெளிச்சம் ஏற்றுகிறீர்கள். அதே திருத்தத்தை அடுத்த படத்துக்கும் 'சிங்க்' செய்தால் (அப்படியே நகலெடுத்துப் போட்டால்), முந்தைய படத்தில் பெரியப்பா நின்ற இடத்தில் வெளிச்சம் விழும். இந்தப் படத்தில் அங்கே பூ ஸ்டாண்ட் இருக்கும். ஆக, முந்நூறுக்கும் தனித்தனியாகப் பிரஷ் போட வேண்டும், அல்லது மொத்தமாக எக்ஸ்போஷரை ஏற்றிவிட்டுப் பின்னணி எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட வேண்டும். நம்மில் பலர் செய்வது இரண்டாவதுதான்.

இப்போது சந்தாவில் வரும் கம்ப்யூட்டர் பதிப்பான லைட்ரூம் கிளாசிக்கில் 'ஆட்கள்' என்று ஒரு மாஸ்க் போட்டு, வெளிச்சம் ஏற்றி, முந்நூறுக்கும் சிங்க் கொடுத்தால், ஒவ்வொரு படத்திலும் ஆள் எங்கே நிற்கிறார் என்று அதுவே தேடிப் பிடித்து அங்கே போடும். எல்லாப் படத்திலும் நூற்றுக்கு நூறு சரியாக வராது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தை விட்டுவிடும். பட்டுப் புடவை முந்தானையைப் பாதியில் வெட்டும். ஆனாலும் திருத்த வேண்டியவை கொஞ்சம்தான் மிஞ்சும். சந்தாவுக்கு ஒரு நியாயம் உண்டென்றால், உங்கள் தொழிலில் அது இந்த ஒரு வசதிதான்.

ஹோமப் புகையும் இருக்கிறது. புகையை வெட்டும் 'டீஹேஸ்' 2015 ஜூனில் வந்தது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்களுக்கு அந்த ஸ்லைடரைக் கொடுக்கவில்லை. சந்தாக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். லைட்ரூம் 6 வந்து இரண்டே மாதத்தில் இந்த வேலை. எதை நோக்கிப் போகிறார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் இனி சந்தாவில் மட்டும்தான் என்று 2013 மே மாதமே அறிவித்துவிட்டார்கள்; லைட்ரூமுக்கு மட்டும் சில ஆண்டு தவணை கிடைத்தது. 2017 அக்டோபரில் அதுவும் முடிந்தது. கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தை வைத்து மென்பொருள் முடிவு எடுக்கக் கூடாது.

இப்போது உங்கள் ஐ5.

நான் மேலே புகழ்ந்த மாஸ்க்கும் டீநாய்ஸும் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடுபவை. லைட்ரூம் கிளாசிக்குக்கு 8 ஜிபி ராம் என்பது குறைந்தபட்சம். 16 ஜிபி இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். உங்கள் பெட்டியில் கார்டு இல்லை. அதில் புதிய லைட்ரூமைப் போட்டு, முந்நூறு படத்துக்கு ஆள் தேடச் சொன்னால், நீங்கள் பிரஷ் போட்டே முடித்திருக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். அதற்கு மேல், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளும் இன்டெல் சிப்கள் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை முதல்தான். 2014-ல் விற்ற ஐ5 அதற்கு வெகு முந்தியது. ராம் சேர்ப்பது, கார்டு செருகுவது என்று பழைய பெட்டிக்குள் காசு இறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எனவே உங்களுக்கு முன்னால் இருப்பது இரண்டு பில். மென்பொருள் சந்தா சின்னது, கம்ப்யூட்டர் பெரியது. மச்சினன் சின்ன பில்லை மட்டும்தான் காட்டியிருக்கிறார். பெரியதைக் கட்டாமல் சின்னதைக் கட்டினால் அந்தக் காசு வீண்.

சந்தா உண்மையில் எவ்வளவு வரும் என்று கணக்கு போட்டுப் பாருங்கள். விலை அடிக்கடி மாறுவதால் ஒரு பேச்சுக்கு வரியோடு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000. முப்பது விசேஷம் என்றால் ஒன்றுக்கு 400 ரூபாய். ஒரு கல்யாணத்தின் கலர் வேலையில் அது உங்களுக்கு அரை நாளை மிச்சப்படுத்தினால், அந்த 400 ஒரு பொருட்டே இல்லை. மிச்சமாகும் அரை நாளில் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. இன்னொரு ஆர்டர் பிடிப்பீர்களா? பதினைந்து நாள் இழுக்கிற ஆல்பத்தை ஒரு வாரத்தில் கொடுத்து, பாக்கிப் பணத்தை முன்னால் வாங்குவீர்களா? அப்படியென்றால் சந்தா லாபம். தாமதம் உங்கள் கையில் இல்லாமல், மாப்பிள்ளை வீட்டார் படம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதிலும் மதுரை டிசைனரிடமும்தான் என்றால், நீங்கள் வேகமாக முடித்தாலும் ஆல்பம் அதே தேதிக்குத்தான் வரும். இதற்கு விடை உங்களுக்குத்தான் தெரியும். போன சீசனின் ஆர்டர் நோட்டைப் புரட்டி, எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் நின்றது என்று பாருங்கள்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கணக்கில் உங்கள் எண்ணைக் கொடுத்து பில் வாங்குங்கள். வழக்கமான முறையில் வரி கட்டுபவராக இருந்தால் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்று பதிவில்லாமல் இருந்தால் அந்த 18-ம் உங்கள் செலவுதான்.

"ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லையே, அந்த மாதம் மட்டும் நிறுத்திவிட்டு அப்புறம் கட்டலாமே" என்று தோன்றலாம். அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புகைப்படக்காரர்களுக்கான பிளானில் 'மாதம் இவ்வளவு' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டுவதுதான். முதல் 14 நாள் கடந்த பிறகு இடையில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் மாதங்களின் தொகையில் பாதியை ரத்துக் கட்டணமாகக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைச் சரியாகத் தெரியப்படுத்தவில்லை என்று 2024 ஜூனில், வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனின் பரிந்துரையில் அமெரிக்க அரசு அடோபி மேல் வழக்கே போட்டது. ஆகவே, எடுத்தால் ஓராண்டுக்கு எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுங்கள். முடிந்தால் ஆண்டுத் தொகையை ஒரே தடவையாகக் கட்டிவிடுங்கள். 2021 அக்டோபரிலிருந்து கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிமுறை கடுமையாகிவிட்டது. கார்டு மாறினாலோ ஒப்புதல் விட்டுப்போனாலோ தவணை போகாது. வைகாசி முகூர்த்தம் நடக்கும் வாரத்தில் 'பணம் வரவில்லை' என்று மென்பொருள் நிற்க வேண்டாம்.

சாகிறவரை வாடகையா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயம் பாதியாகும். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தால் 'டெவலப்' பகுதியும் 'மேப்' பகுதியும் பூட்டிக்கொள்ளும். படங்கள் உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கும், எங்கும் போகாது. லைப்ரரி திறக்கும், தேடலாம், ஏற்கெனவே கலர் போட்டு வைத்ததை எக்ஸ்போர்ட் செய்து எடுக்கலாம். நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஐந்து வருஷம் கழித்து ஒருவர் வருவார்: "எங்க அய்யா தவறிட்டாரு தம்பி. அண்ணன் கல்யாணத்துல நீங்க எடுத்த படத்துல நல்லா சிரிச்சிக்கிட்டு இருப்பாரு, அதைப் பெருசு பண்ணிக் குடுங்க." அந்தப் படத்தை எடுத்துக் கொடுக்க முடியும்.

ஆனால் ஒரு வழிப்பாதை இருக்கிறது. உங்கள் லைட்ரூம் 6 கேட்டலாகை (படங்களின் பட்டியலும் நீங்கள் செய்த திருத்தங்களும் பதிவாகும் ஃபைல்) புதிய கிளாசிக் ஏற்கும். அதைத் தன் வகைக்கு மாற்றி வேறு நகலாக வைத்துக்கொள்ளும், பழையதைத் தொடாது. புதியதில் நீங்கள் செய்த வேலையை மறுபடி லைட்ரூம் 6-க்குக் கொண்டுவர முடியாது. வேறு நிறுவன மென்பொருளுக்குப் போனாலும் நீங்கள் படங்களுக்குக் கொடுத்த நட்சத்திரமும் குறிச்சொல்லும் பெரும்பாலும் கூட வரும். நீங்கள் போட்ட வண்ணம் அப்படியே வராது. அதனால் சந்தா எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு பழக்கம் வையுங்கள்: ஆல்பம் டெலிவரி ஆன அன்றைக்கே, தேர்வான படங்களை முழு அளவில், உயர்ந்த தரத்தில் ஜேபெக் ஆக எடுத்து அந்தக் கல்யாணத்தின் ஃபோல்டரிலேயே போட்டுவிடுங்கள். அதைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பக்கத்துக் கடைக்காரரின் கிராக்கைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் 'ஸ்டாப்' வகை ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியதே இப்படிப்பட்ட கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான். டெலிவரி ஆகாத நாலு கல்யாணத்தின் படங்கள் இருக்கும் பெட்டியில் அதைப் போடாதீர்கள். தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியாது.

மாற்று மென்பொருள்களைச் சிலர் பரிந்துரைப்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் முற்றிலும் இலவசம், திறமூலம். திறமையில் குறைவில்லை, ஆனால் பழகப் பொறுமை வேண்டும். லைட்ரூமில் பத்து வருஷம் ஓடிய கை அங்கே தடுமாறும். சீசனுக்கு நடுவில் அந்தப் பரீட்சை வேண்டாம். அஃபினிட்டி 2025 அக்டோபர் இறுதியிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அது ஃபோட்டோஷாப்புக்கு மாற்று, லைட்ரூம் போல ஆயிரம் படத்தை அடுக்கி, பொறுக்கி, சிங்க் கொடுக்கும் வேலைக்கு அது ஆகாது. கேனானின் சொந்த டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் இலவசம். வண்ணம் அழகு, ஆனால் நிறையப் படங்களை அடுக்கி வேலை செய்ய லைட்ரூம் அளவுக்கு வசதிப்படாது. ஒரு சந்தேகப் படத்தின் நிறத்தைச் சரிபார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தடவை காசு கட்டி வாங்குவதில்தான் உங்கள் மனம் இருக்கிறதென்றால் கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் இரண்டிலும் அந்த வழி இன்னும் இருக்கிறது. கேப்சர் ஒன்னில் அப்படி வாங்கினால் பின்னால் வரும் புது வசதிகள் சேராது. 'வாங்கிவிட்டேன், என்னுடையது' என்ற மென்பொருள் வாங்கிய அன்றைக்கு இருக்கும் கேமராக்களோடு ஏறக்குறைய நின்றுவிடும். அதைத்தான் உங்கள் டிஸ்க்கிலேயே பார்த்துவிட்டீர்களே. அதற்காக அது மோசமான வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். 2016-ல் கொடுத்த காசுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறது. கேமராவை அடிக்கடி மாற்றாத உங்களைப் போன்றவருக்கு அது சந்தாவை விட மலிவாகவே முடிந்திருக்கிறது.

சரி, என்ன செய்வது? இந்த சீசனை டிஎன்ஜி கன்வர்ட்டரையும் லைட்ரூம் 6-ஐயும் வைத்து ஓட்டுங்கள். வரும் அட்வான்ஸ் பணத்தில் கம்ப்யூட்டருக்கு ஒதுக்குங்கள்: 16 ஜிபி ராமுக்குக் குறையாமல், முடிந்தால் 8 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்டோடு. கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கத் தெரிந்த உங்களுக்கு இதையும் அப்படி வாங்கத் தெரியும். எட்டாவது தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். பழைய பெட்டியை விற்காதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். அதில் லைட்ரூம் 6 ஆக்டிவேட் ஆகி ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய பெட்டியில் மறுபடி ஆக்டிவேட் செய்ய முயலும்போது மக்கர் செய்தால் திரும்பிவர ஓர் இடம் வேண்டும். இணைய இணைப்பை மட்டும் பிடுங்கிவிட்டு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி பிறந்ததும் புதிய பெட்டியில் அடோபியின் ஏழு நாள் இலவசச் சோதனையைத் தொடங்குங்கள். கார்டு விவரம் கேட்பார்கள்; ஏழு நாள் முடிந்தால் பணம் தானாகப் போய்விடும், அதனால் ஆறாவது நாளுக்கு போனில் அலாரம் வையுங்கள். யூடியூப் பார்த்து வசதிகளை வேடிக்கை பார்ப்பதில் அந்த வாரத்தைக் கரைக்காதீர்கள். ஏற்கெனவே டெலிவரி கொடுத்துவிட்ட ஒரு கல்யாணத்தை எடுத்து, அதன் சிஆர்3 ஃபைல்களை இறக்கி, முதலிலிருந்து கடைசி வரை புதியதில் செய்து பாருங்கள். பழையதில் அதே கல்யாணத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உங்களுக்குத் தெரியும். பாதியாகக் குறைந்தால் எடுங்கள். கால்வாசிதான் குறைந்தது என்றால் இன்னொரு வருஷம் டிஎன்ஜி-யிலேயே ஓட்டுவேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால்.

எடுப்பதாக முடிவு செய்தால் எந்தப் பிளான்? ஃபோட்டோஷாப்பும் சேர்ந்த பிளானைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். பழைய 20 ஜிபி மலிவுப் பிளானை 2025 ஜனவரியோடு புதியவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்தக் கூட்டுப் பிளான் இப்போது முன்பு மாதிரி மலிவில்லை. உங்களுக்கு ஃபோட்டோஷாப் எதற்கு? ஆல்பம் லேஅவுட்டும் ரீடச்சும் மதுரைக்காரர் செய்கிறார். அவரிடம் அது இருக்கிறது. அதே ஜனவரியிலிருந்து, லைட்ரூம் மட்டும் உள்ள 1 டெராபைட் பிளானிலேயே லைட்ரூம் கிளாசிக்கையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதை எடுங்கள். இறக்கும்போது பெயரைப் பார்த்து இறக்குங்கள்: வெறும் 'லைட்ரூம்' என்பது கிளவுடை நம்பி ஓடும் வேறொரு செயலி. உங்களுக்கு வேண்டியது 'லைட்ரூம் கிளாசிக்'.

கடைசியாக அந்த 1 டெராபைட். கிளாசிக்கில் வேலை செய்யும்போது உங்கள் மூல ரா ஃபைல் கிளவுடுக்கு ஏறாது. நீங்கள் சிங்க் செய்யச் சொன்ன தொகுப்புகளின் 'ஸ்மார்ட் ப்ரிவியூ' என்ற சின்ன நகல் மட்டும்தான் ஏறும். போனில் பார்க்கவும் வாடிக்கையாளருக்குக் காட்டவும் அது போதும். ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் அதை வைத்து முழு அளவு மூலப் படத்தை மீட்க முடியாது. பேக்கப்புக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வேலை முடிந்ததும் நகலெடுத்து, ஸ்டுடியோவில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். அதை மட்டும் ஆடி வரை தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே வாங்குங்கள்.